மார்செய் துறைமுகத்தில் நான் சந்தேகப்பட்ட மனிதர்

2006, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் மார்செய் நகரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் குடியிருந்தோம். கம்பெனி என்னை ஒரு வார வேலையாகப் பிரான்சுக்கு அனுப்பியது. "இவ்வளவு தூரம் போறீங்க, நானும் வரேனே" என்று மனைவியும் கிளம்பிவிட்டாள். ஐந்து வயது மகளைப் பக்கத்து ஊரான எடிசனில் அவளுடைய அக்கா வீட்டில் விட்டிருந்தோம். வேலை சனிக்கிழமை முடிந்தது, திங்கள் காலை விமானம். இடையில் சுற்றிப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரே நாள்தான்.

வேலைக்காகத் தங்கியிருந்த ஊரிலிருந்து காலையில் ரயிலில் போய் இறங்கினோம். நிலையம் மேட்டில் இருந்தது. வாசலில் நின்றால் ஊர் முழுக்கக் கீழே சரிந்து கிடந்தது. படிகளில் இறங்கி நடந்து பழைய துறைமுகத்துக்குப் போனோம். படகுக்காரர்கள் கரையிலேயே மேஜை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கடலோரக் கீழக்கரைக்காரி. மீனைக் கண்டால் சும்மா போக மாட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்து, தமிழிலேயே விலை கேட்டாள். மீன் விற்ற அம்மா பிரெஞ்சில் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். "சமைக்க அடுப்பே இல்லாத ஊர்ல மீன் விலை உனக்கு எதுக்கு?" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பையைத் திறந்து மேப்பை எடுத்து விரித்தேன். பெஞ்சின் மறுகோடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சாம்பல் நிறத் தொப்பி, வெள்ளை மீசை. கடலைப் பார்த்து என் மனைவி "மாஷா அல்லாஹ்" என்றதும் அவர் திரும்பி ஸலாம் சொன்னார். சொந்த ஊர் அல்ஜீரியா, கப்பல்களுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில் என்பதைத் துண்டு துண்டான ஆங்கிலத்தில் தெரிந்துகொண்டோம். எங்கள் கேமராவை வாங்கி இரண்டு படம் எடுத்துத் தந்தார். மலை மேலே இருக்கும் பெரிய தேவாலயத்தைப் பார்க்காமல் போகக் கூடாது என்று சொல்லி, பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார். என் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்குத்தான் உள்ளுக்குள் ஓர் உறுத்தல். ஆபீஸில் ஒருவர், "மார்செய்ல பையைப் பத்திரமா பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மேலே போனால் ஊரும் தீவுகளும் கடலும் ஒரே பார்வையில் தெரிந்தன. அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டில் எடுக்கப் பையைத் திறந்தவன், பாஸ்போர்ட் வைத்திருந்த கறுப்புப் பவுச்சைக் காணாமல் உறைந்துபோனேன். பையைத் தலைகீழாகக் கொட்டினேன். இல்லை.

அதில் எங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டுகளும் இருந்தன. அமெரிக்க விசா முத்திரை அதில்தான். அது இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. புது பாஸ்போர்ட், மறுபடி விசா இன்டர்வியூ என்று எத்தனை வாரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? "பிள்ளைகிட்ட திங்கக்கிழமை வந்துருவோம்னு சொல்லியிருக்கேங்க" என்று மனைவி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தத் தொப்பிக்காரன்தான் எடுத்திருக்கான். போட்டோ எடுக்கறேன்னு பக்கத்துல வந்தானே" என்றேன்.

"அவரைப் பார்த்தா அப்படித் தெரியலைங்க."

"உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்" என்று எரிந்து விழுந்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. குறுக்குச் சந்துகளில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டார். யார் மீதாவது சந்தேகமா என்று கேட்டார். நான் கொஞ்சமும் தயங்கவில்லை. அரபுக்காரர், சாம்பல் தொப்பி, வெள்ளை மீசை, துறைமுகத்தில் எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டார் என்றேன். அவர் எடுத்ததைப் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார். "பார்க்கவில்லை. ஆனால் அவர்தான்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

வெளியே வந்ததும் மனைவி பிடிவாதம் பிடித்தாள். "ஒரே ஒரு தடவை அந்த பெஞ்சைப் பார்த்துட்டுப் போவோம்." வீண் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அதே பெஞ்சில் அவர் இருந்தார். எங்களைத் தூரத்தில் கண்டதுமே எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். சட்டைக்குள்ளிருந்து கறுப்புப் பவுச்சை எடுத்து என் மனைவியின் கையில் வைத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். நான் இரண்டு பாஸ்போர்ட்டையும் திறந்து பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மேப்பை உருவும்போது பவுச் பெஞ்சுக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. எங்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் கண்ணில் பட்டிருக்கிறது. அடுத்த பஸ் பிடித்து மலைக்குப் போயிருக்கிறார். நாங்கள் சந்து வழியே இறங்கிவிட்டதால் பார்க்க முடியவில்லை. திரும்பி வந்து மூன்று மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக்கூடப் போகவில்லை. "நான் போனா, நீங்க வருவீங்க, நான் இல்லைன்னா?" என்பதுபோல் ஏதோ சொன்னார்.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று மனைவி சொன்னதும், கிடைத்துவிட்டது என்று சொல்லாவிட்டால் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிடப் போகிறார்கள் என்று பதறி, வழி காட்ட அவரே முன்னால் நடந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நானும் பின்னால் நடந்தேன்.

அந்தப் பெண் அதிகாரி நிமிர்ந்தார். தொப்பியைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மேஜையில் இருந்த, நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முஸ்லிம் பெயரைப் பார்த்தே என்னை ஒருமுறை அமெரிக்காவில் ஒரு விமான நிலையத்தில் தனியறையில் உட்கார வைத்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை என்று நண்பர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதே வேலையை நான் இவருக்குச் செய்திருக்கிறேன்.

"நான் சொன்னது தப்பு. இவர்தான் கண்டெடுத்துக் காப்பாற்றி வைத்தவர்" என்றேன். அதிகாரி அவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவர் எட்டி அந்தத் தாளைப் படித்தார். முகம் ஒரு கணம் மாறியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர், "ட்ரெயின் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதிகாரி தாளை நாலாகக் கிழித்துப் போட்டார்.

அந்த அல்ஜீரியக்காரர் ரயில் நிலையப் படி வரை வந்து எங்களை வழியனுப்பினார். என் மனைவி தொழுகையில் அவருக்காக துஆ கேட்பதாகச் சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். மறுநாள் எடிசனில் மகள் ஓடி வந்து, "வாட் டிட் யூ பிரிங் மீ?" என்று கேட்டபோது நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் இறக்கிவிடவே இல்லை.

அந்த நாளை நினைத்தால் பாஸ்போர்ட் கிடைத்த நிம்மதி இப்போதும் வரும்; ஆனால் என் வார்த்தையை நம்பி யாரும் அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தத் தாள் கிழிந்ததே, அந்த நிம்மதிதான் எனக்கு அதைவிடப் பெரிது.