ஆறின கிழங்கு

தட்டு வந்ததும் பெனியாமினா சாப்பிட மாட்டார். கிழங்கை விரலால் அமுக்கிப் பார்ப்பார். சமோவாத் தீவின் தலைநகர் ஆப்பியாவுக்குப் பஸ் ஓட்டுகிறவர். தினமும் டயரை உதைத்துப் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டார். பாதிரியார் "கடவுள் உன்னோடு இருப்பாராக" என்றால்கூட, "எதுக்குச் சொல்றாரு?" என்று மனைவி லூபேயிடம் கேட்கிற ஆள்.

சர்க்கரை வியாதி வந்த பிறகு கேட்கவா வேண்டும்! அதே வியாதியில் அவருடைய அண்ணனுக்கு ஒரு காலையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, குளித்து வந்ததும் தன் கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். பாவம், அந்தப் பயம் நியாயமானதுதான்.

நர்ஸ் ஃபிலோமேனா ஒரு யோசனை சொன்னாள். "மாத்திரையை விட்றாதீங்க மாமா. சேப்பங்கிழங்கை வேகவெச்சு, ஆறவிட்டு, மறுநாள் கொஞ்சமா சாப்பிடுங்க. ஆறினா அதுல கொஞ்சம் மாவு செரிக்காம நார் மாதிரி குடலுக்குப் போகும். அங்க இருக்கிற நல்ல கிருமிங்களுக்கு அதுதான் சாப்பாடு. அதுங்க தின்னா உங்க சர்க்கரை அவ்வளவா எகிறாது."

"வாடகையே குடுக்காதவனுங்களுக்குச் சோறு வேறயா?" என்றார்.

வீட்டுத் தலைவருக்குப் பழங்கிழங்கு! லூபேயின் சோம்பேறித்தனம்தான் நர்ஸ் வாய் வழியாக வருகிறது என்று முடிவுகட்டினார். "ரெண்டு பேரும் கூட்டு. எனக்கு மிச்சம் மீதி, உனக்கு ஆவி பறக்கப் பறக்கவா?"

"ஐயோ, என் தட்டை வேவு பாக்காம உங்க தட்டைப் பாருங்க!"

தின்ன ஆரம்பித்த புதிதில் வயிறு கடமுடா என்றது. பஸ்ஸில் அவருக்கு நேர் பின் சீட்டில் இருந்தவர் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். "பாத்தியா, உள்ள கலாட்டா பண்றானுங்க," என்று வீட்டில் வந்து கத்தினார். ஆனாலும் அண்ணனின் காலை நினைத்துக்கொண்டு தின்றார்.

சில மாதத்தில் சர்க்கரை இறங்கியது. அவர் சர்க்கரை பார்க்கிற மெஷினைச் சந்தேகப்பட்டார். ஃபிலோமேனாவையே விரலில் குத்திக்கொள்ளச் சொல்லி, அப்புறம் தன் விரலை மறுபடி நீட்டினார். "மெஷினுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு போல," என்றார். இப்போதும் கிழங்கை அமுக்குகிறார். சூடாக இருந்தால் தள்ளிவைக்கிறார்.

போன ஞாயிறு, கோயில் முடிந்து வந்து பாயில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லூபே தண்ணீருக்கு மறுபடியும் கை நீட்டினாள்.

"என்ன, தண்ணியா குடிச்சுத் தள்றே?"

"வெயிலு."

"நேத்து மழை. நேத்தும் குடிச்சே. ராத்திரியெல்லாம் எந்திரிச்சுப் போறே."

"என் மேலயும் சந்தேகமா?"

பெனியாமினா அவள் தட்டிலிருந்த சூடான கிழங்கை எடுத்துவிட்டு, தன்னுடைய ஆறின கிழங்கை வைத்தார். பிறகு, சாப்பாட்டுப் பாயில் காலை நீட்டுவதா என்று அவள் கூச்சத்தில் நெளிய நெளிய, அவளுடைய பாதத்தை இழுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.