நான் ஒட்டவைத்த ‘ஆம்’

சாட்சி எழுதுகிறவர்களை நான் இலேசில் நம்புகிறவள் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்குக் கிடைத்த வரத்தைப் பற்றி ஒருத்தி எழுதியிருந்தால், இவளுக்கு உண்மையில் என்ன வருத்தம் இருந்தது, எந்த மருந்து குடித்தாள், அதை ஏன் எழுதாமல் விட்டாள் என்றுதான் என் புத்தி போகும். ஆகவே சகோதரங்களே, நீங்களும் என்னை அப்படியே வாசியுங்கள். கோபிக்க மாட்டேன்.

போன வருடம் தவக்காலம் தொடங்கிய நாட்களில், கிணற்றடியில் குளிக்கும்போது என் மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போய்க் காட்டினோம். சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய், கெதியில் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார்கள். வேறு யாருடைய முடிவையோ எனக்குத் தந்துவிட்டார்களோ என்று பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் பெயர்தான்.

நாங்கள் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்கிற குடும்பம். என் கணவர் சூசை கடலுக்குப் போவார். கரைக்கு வந்த மீனைப் பிரித்து விற்பது நான். செவுளைத் தூக்கிப் பாராமல் என் வீட்டுக்காரர் பிடித்த மீனையே நல்ல மீன் என்று சொல்லமாட்டேன். என் பேச்சும் அப்படித்தான். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ஆம்’ போட்டுத்தான் சொல்வேன். மழை வருமாம். கலியாணம் சரிவந்திட்டுதாம். வள்ளம் திருத்தியாச்சாம். நான் கண்ணால் காணாததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல அந்தச் சின்னச் சொல் போதும். “நீர் ஆமென் சொல்ல வெளிக்கிட்டாலும் ஆமோடை நிண்டிடுவீர்” என்று இவர் பகிடி பண்ணுவார்.

அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. சண்டைக் காலத்தில் என் அண்ணா அந்தோனி கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் ஆம்தான். ஒரு முகாமில் அவரைக் கண்டவையாம். இந்தியாவில் அகதியாக இருக்கிறாராம். வெளிநாடு போய்ச் சேர்ந்திட்டாராம். ஒவ்வொரு ஆமுக்கும் அம்மா அழுதழுது சிரிப்பா. ஒவ்வொரு தடவையும் அது பொய்யாகப் போகும். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கும் யாரோ சொன்னதுதான். அன்றிலிருந்து யார் வாயிலிருந்து எது வந்தாலும் நான் அதில் ஆமை ஒட்டி ஒரு பக்கத்தில் வைத்துவிடுவேன்.

கடவுளையும் நான் விட்டுவைக்கவில்லை. அவர் எனக்காக மரித்தாராம். என்னை மீட்டாராம். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவள், முழங்காலில் நின்று இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரும் வழியிலேயே, எல்லாம் சொன்னேனா, சொன்னது சரியாக விளங்கியிருக்குமா, மேலே எடுபட்டிருக்குமா என்று மனம் அரிக்கும். பிறகும் போய் அதே பாவத்தைச் சொல்வேன். என் மச்சாள், இவருடைய தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் ஒரு செபக்குழுவில் இருக்கிறா. தான் இரட்சிக்கப்பட்டுவிட்டதாக, தேத்தண்ணி குடித்து முடித்ததைச் சொல்கிற மாதிரிச் சொல்வா. யார் வந்து இவளுக்குச் சொன்னது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது ஒப்பரேசன் என்றதும் அந்த அரிப்பு பெரிய பயமாகிவிட்டது. சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. செத்தால் ஆண்டவரிடம் போய்ச் சேருவேனா என்றுதான் பயந்தேன். ஏற்கெனவே ஒருவர் போன இடம் தெரியாத வீடு எங்கள் வீடு. நானும் அப்படிப் போகக் கூடாது என்று கோவிலில் அழுதேன். சுகம் தாரும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு செய்தியை ஆம் இல்லாமல் தாரும், பிறகு உமது சித்தம் என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் வேலணையைச் சேர்ந்த பூமணியக்கா இருந்தா. புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிற குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு. பித்தப்பையில் கல்லென்று வந்திருந்தா. வாட்டில் யாருக்கு என்ன சாப்பாடு வந்தது என்பது முதல் எல்லாம் அவவுக்குத் தெரியும். முதல் நாள் முழுக்க, இவ என் கதையை அறிய விடுப்புப் பார்க்கிறா என்று நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு வயதான சுவாமியார் நோயாளிகளைப் பார்க்க வந்தார். திரையை இழுத்துவிட்டு நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவருக்குக் காது மந்தம். “பிள்ளை, உரத்துச் சொல்லும்” என்றார். பக்கத்தில் பூமணியக்காவை வைத்துக்கொண்டு எப்படி உரத்துச் சொல்வது? நான் இன்னும் மெல்லமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு கையை உயர்த்தி, காது மந்தமானவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் பாவமன்னிப்புக் கொடுத்து, எண்ணெய் பூசிவிட்டுப் போனார்.

சுவாமியார் நான் சொன்ன ஒன்றையும் கேட்கவில்லை. கேட்காத பாவத்தை எப்படி மன்னிப்பது? கடைசி நேரத்திலும் எனக்கு இப்படியா என்று இருந்தது.

நோயாளி பார்க்கும் நேரத்தில் இவர் வந்தார். சுவாமியார் வந்தவரோ, என்ன சொன்னவர் என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, “பாவமெல்லாம் மன்னிச்சாச்சாம்” என்றேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து பூமணியக்கா எழும்பி இருந்தா.

“குறை நினையாதையும் தங்கச்சி. அவர் அப்பிடிச் சொல்லேல்லை.”

எனக்குச் சுர்ரென்றது. என்ன சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மன்னிச்சாச்சாம் எண்டு சொல்லேல்லை. நான் மன்னிக்கிறேன் எண்டு நேர சொன்னவர். வாட்டுக்கே கேட்டது. நீர் சொன்னது ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை, பயப்பிடாதையும். ஆனா அந்த ஆம் நீர் வைச்சது.”

“அவருக்குக் காது கேளாதக்கா. நான் சொன்னது ஒண்டும் அவருக்குக் கேட்டிருக்காது.”

“உங்கடை கடவுளுக்குமோ?” என்று கேட்டுவிட்டு, அவ தன் போத்தல் தண்ணீரைக் குடித்தா.

இவர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘நான் மன்னிக்கிறேன்’ என்பதில் வருகிற அந்த ‘நான்’ சுவாமியார் அல்ல, அவர் வாயால் பேசுகிற கிறிஸ்துநாதர் என்று சிறுமியாய் முதல் நன்மை எடுக்கக் கோவிலில் படித்த காலத்திலேயே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படியென்றால் இது யாரோ சொல்லி யாரோ கொண்டுவந்த செய்தி அல்ல. ஆள் நேரே வந்து என் முகத்துக்குச் சொன்னது. நேரே சொன்ன ஒருவருடைய பேச்சுக்கு யாராவது ஆம் போடுவார்களா? சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனுக்கும் அவர் ஆள் விட்டுச் சொல்லவில்லை. ‘இன்றைக்கே என்னோடு வான்வீட்டில் இருப்பாய்’ என்று பக்கத்தில் தொங்கிக்கொண்டே தானே சொன்னார். இத்தனை வருடமாக அவர் நேரே சொன்னதை நான்தான் கோவில் வாசலில் வைத்து ஊர்க்கதை ஆக்கி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்குள் ஏதோ ஒன்று இளகி அமர்ந்தது. அதைக்கூடச் சந்தேகப்பட்டேன். பயத்தில் வருகிற மயக்கமோ என்று பார்த்தேன். காலையிலும் அது அப்படியே இருந்தது. ஒப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது இவர் கட்டிலோடு நடந்து வந்தார். கண் கலங்கியிருந்தாலும் பகிடியை விடவில்லை.

“இப்ப ஆமோடையோ, ஆம் இல்லாமலோ?”

“இல்லாமல்” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டியை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டி இப்போது வளர்ந்திருக்கிறது. கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். ஊரில் கேட்பவர்களுக்கு “ஒண்டும் இல்லையாம்” என்றே சொல்லி வருகிறேன். அவர் நல்ல மனுசன், ஆனால் நாளைக்கு அவருடைய மெசினே வேறு கதை சொல்லலாம். மீனின் செவுளை இன்றைக்கும் தூக்கித்தான் பார்க்கிறேன். பூமணியக்கா தந்துவிட்ட வெங்காயத்தையும் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துத்தான் எடுத்து வைத்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வந்தால் மட்டும் திரும்ப அரிப்பதில்லை. மன்னித்தார் என்று நிம்மதியாகக் கிடந்து நித்திரை கொள்கிறேன். நன்றி ஆண்டவரே என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை.

என்னைப்போல் சந்தேகம் பிடித்தவர்களுக்குத்தான் இதை எழுதினேன். உங்கள் சந்தேகத்தை விடச் சொல்லவில்லை, அது எங்களை எத்தனையோ பொய்யிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அடுத்த முறை ‘நான் மன்னிக்கிறேன்’ என்ற அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எழும்பும்போது, யார் சொன்னது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிறகு உங்களுக்கும் ஆம் போட மனம் வராது.

போன மாதமும் ஒருவர் வந்தார். அண்ணாவை எங்கேயோ கண்டவையாம். தேத்தண்ணி கொடுத்து, கேட்டுவிட்டு அனுப்பினேன். அழவில்லை. என் அண்ணாவை நான் இந்தக் கரையில் காண்பேனாம். அந்தக் கரையில் காண்பேன்.