எழில்மொழியின் பதினொரு மஞ்சள் ஹெல்மெட்டுகள்

அந்த வாரம் முழுக்க எழில்மொழிக்குக் கால் தரையில் பாவவில்லை. திருச்சியிலிருந்து பாதுகாப்புத் தணிக்கையாளர் வருகிறார். அவர் பார்த்துத் திருப்திப்பட்டால் அவளுடைய கம்பெனிக்குச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால்தான் சாரங்கபாணியின் அரிசி ஆலைக்குப் புது நெல் கிடங்கு கட்டும் வேலை அவளுக்கு. இல்லையென்றால் வெளியூர்க்காரன் எவனாவது வந்து கட்டிவிட்டுப் போவான்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஸ்கூட்டர், ஒரு கலவை மிஷின், பதினொரு ஆட்கள். திருவாரூருக்குப் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த குடும்பம் அவளுடையது. பத்தாம் வகுப்பு லீவில் சித்தாளாகச் செங்கல் சுமக்கப் போனவள், வரைபடத்தை எஞ்சினியர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை அன்றோடு போயிற்று. ஆனால் தன் தொழில் எது என்று அன்றே தெரிந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தாள், நாலு பேரிடம் வேலை பார்த்தாள், பிறகு தானே காண்ட்ராக்டர் ஆனாள்.

இப்போது கட்டிக்கொண்டிருப்பது அதே ஆலையின் இரண்டு மாடி ஆபீஸ். தலைமைக் கொத்தனார் அவளுடைய சித்தப்பா நல்லக்கண்ணு. எழில்மொழி சாரக் கட்டை ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். ஏணிகளைக் கட்டினாள், முதலுதவிப் பெட்டியை நிரப்பினாள். எந்த வேலையில் என்ன ஆபத்து என்று எழுதி எழுதி ஒரு ஃபைலையே வீங்க வைத்தாள். தினமும் காலையில் பத்து நிமிடம் எல்லோரையும் நிறுத்திக் கேள்வி கேட்டாள். தலையில் ஹெல்மெட் இல்லாமல் ஒருவரும் வேலையிடத்துக்குள் கால் வைப்பதில்லை.

தணிக்கையாளர் அப்துல் மஜீது காரை விட்டு இறங்கியபோது கல்யாண வீட்டுக்காரி மாதிரி ஓடிப்போய் வரவேற்றாள். வாயெல்லாம் பல். அவரை அழைத்துக்கொண்டு உள்ளே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். பதினொரு மஞ்சள் ஹெல்மெட்டும் பதினொரு கக்கத்தில் இருந்தன.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அப்துல் மஜீது மேலே பார்த்தார். இரண்டாம் மாடிச் சாரத்துக்கு நேர் கீழே அத்தனை பேரும் வெறுந்தலையோடு நிற்கிறார்கள். பேனாவைத் திறந்தார்.

"சார், தினமும் போடுவாங்க சார். இன்னிக்கித்தான்..."

"நான் பாத்ததத்தான்மா எழுத முடியும். மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இது ஒண்ணு சரியில்லன்னா மிச்சம் எல்லாம் வீண். ரெண்டு வாரம் கழிச்சி வரேன்."

கார் போனதும் எழில்மொழி கோபமாகச் சித்தப்பாவிடம் வந்தாள். 

"ஏன் சித்தப்பா கழட்டுனீங்க?"

நல்லக்கண்ணு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "பெரிய மனுஷன் வராரு. தலையில வச்சிக்கிட்டா நிப்பாங்க?"

அவள் கோபம் பாதி வழியிலேயே நின்றுபோயிற்று. மிராசுதார் வரப்பில் வந்தால் தலைத்துண்டு கக்கத்துக்கு இறங்கும். சித்தப்பாவின் அப்பா அப்படித்தான் நின்றார், அவருடைய அப்பாவும் அப்படித்தான். துண்டு போய் ஹெல்மெட் வந்தும் கை பழைய வேலையைத்தான் செய்திருக்கிறது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சித்தப்பா கெட்டிக்காரர்தான், ஆனால் பழக்கம் அவரைவிடக் கெட்டி.

"நாளையிலேருந்து காலையில வாசல்ல நீங்கதான் நிக்கிறீங்க. தலையில ஹெல்மெட் இல்லாம யாரு வந்தாலும் உள்ள விடக் கூடாது. யாரு வந்தாலும்."

மறுநாள் அவளே வெறுந்தலையோடு வந்து பார்த்தாள். சித்தப்பா வழி விட்டார். திட்டு வாங்கினார். மூன்றாம் நாளும் விட்டார். ஐந்தாம் நாள் கையைக் குறுக்கே நீட்டி, "போட்டுக்கிட்டு வா புள்ள" என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் எழில்மொழி செலவில் டீயும் வடையும்.

இரண்டு வாரம் கழித்து அப்துல் மஜீதோடு கூடவே சாரங்கபாணியும் வந்தார். எழில்மொழி இதை எதிர்பார்க்கவில்லை. நல்லக்கண்ணுவின் அப்பா துண்டை இறக்கி நின்றது இந்தச் சாரங்கபாணியின் அப்பாவுக்கு முன்னால்தான். சாரங்கபாணி வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, கார் நின்றதும் நேரே வாசலுக்கு வந்தார். தலையில் ஒன்றும் இல்லை.

நல்லக்கண்ணுவின் கை தலைக்குப் போயிற்று.  போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் சாரத்தடியில் நின்ற எழில்மொழி.

கை ஹெல்மெட்டைத் தொட்டது. ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு தாடைக்கு இறங்கி வாரை இறுக்கியது. அதே கை குறுக்கே நீண்டது.

"ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு வாங்க."

"என்ன நல்லக்கண்ணு, என்னைத் தெரியலயா?"

"நல்லாத் தெரியுதுங்க. மேலேருந்து விழுற செங்கல்லுக்குத்தான் தெரியாது."

 மேலே கலவைச் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது. சாரங்கபாணி அண்ணாந்து சாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் அடுக்கியிருந்த ஹெல்மெட்டுகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாரை மாட்டத் தெரியாமல் தடுமாறினார்.

"கொஞ்சம் குனிங்க" என்றார் நல்லக்கண்ணு.

அவர் குனிந்தார். நல்லக்கண்ணு நிதானமாக மாட்டிவிட்டார். பின்னால் வந்த அப்துல் மஜீது, ஒருவரும் சொல்லாமலே காருக்குத் திரும்பிப் போய்த் தன் ஹெல்மெட்டை எடுத்து வந்தார்.

சான்றிதழ் கைக்கு வரப் பத்து நாள் ஆகும் என்று அவர் போகும்போது சொன்னார். எழில்மொழிக்கு அதற்கெல்லாம் பொறுமையில்லை. அன்று மதியமே சித்தப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு, கிடங்கு கட்டப்போகும் மனையைப் பார்க்கக் கிளம்பினாள். நல்லக்கண்ணு வழியெல்லாம் அந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.