மேளக்காரனுக்கு வழிவிட்ட ராஜா

தியாஸ் படித்தது மீன்வளம். புத்தகம் போடும் இடத்தில் மீனுக்கு என்ன வேலை என்று சொந்த ஊரான கிளாத்தெனில் அவள் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள்கூடப் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்தவள் அவள். பட்டம் கைக்கு வந்ததும் யோக்யகர்த்தா நகரத்துக்குப் பஸ் ஏறி, ஒரு சின்னப் பதிப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள்.

அங்கே வேறு யாரும் தொட விரும்பாத வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. யாரும் கேட்காமல் தாமாக வந்து விழும் கைப்பிரதிகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். பாதி மின்னஞ்சலில் வந்தன. மீதி, அச்செடுத்து பிளாஸ்டிக் உறை போட்டு வந்து, கழிப்பறைக்குப் போகிற வழியில் சுவரோரம் இடுப்பளவுக்கு ஏறி நின்றன. விட்டுப்போன காதலிக்கு நானூறு கவிதை, மிளகாய்ச் சாகுபடி, பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியின் தத்துவம் என்று எல்லாமே அதில் இருந்தன. தேறாதவற்றுக்கு அனுப்ப, எல்லாருக்கும் பொதுவாக இரண்டு வரி பதில் தயாராக இருந்தது.

எதையும் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் வேண்டாம் என்று சொல்ல தியாஸுக்கு மனசு வரவில்லை. அட்டை வரைகிற மாஸ் பகாஸ் சீண்டுவான். அலுவலகத்துக்கே அண்ணன் மாதிரி, அதனால்தான் எல்லாருக்கும் அவன் 'மாஸ்'.

"ஏம்மா மீனம்மா, கூடையில இருக்கிற அத்தனையையும் மோந்து பாத்தாத்தான் கெட்ட மீன் எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒன்னு ரெண்டு நல்லதா இருந்துட்டா என்ன பண்றது, மாஸ்?"

"இருந்தா எனக்கும் ஒரு துண்டு வறுத்துக் குடு."

அப்படித்தான் முந்திலான் என்ற ஊரிலிருந்து பார்ஜோனோ என்பவர் அனுப்பிய நாவல் அவள் மடிக்கு வந்தது. செங்கல் கனம். பழைய காலத்து ராஜா ஒருவர் நாடு பிடிக்கப் போகிறார். பக்கத்துக்குப் பக்கம் வாள் உருவுகிறார், சபதம் போடுகிறார், மறுபடியும் வாள் உருவுகிறார். தியாஸ் கொட்டாவி விட்டபடியே புரட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு அத்தியாயத்தில், ராஜாவின் மேளக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறார்கள். மணப்பெண் ஓடிவிடுகிறாள். மானம் போகக் கூடாது என்று பெண்ணின் அப்பா, "நிறுத்தாதீங்க, வாசிங்க, வாசிங்க" என்று கெஞ்சுகிறார். வாசிக்கிறார்கள். மழை கொட்டுகிறது. விருந்தாளிகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். அவர்களில் ஒரு மேளக்காரன், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று ஒதுக்கிய பொரித்த கோழியை மேளத்தின் உறைக்குள் பதுக்குகிறான்.

தியாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. ராஜா காலத்தில் ஏது பிளாஸ்டிக் நாற்காலி? இந்த மனிதர் அந்த மழையில் நின்றிருக்கிறார். ராஜாவையே மறந்துவிட்டு எழுதியிருக்கிறார்.

முதல் பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் எழுத்தாளர்களை அழைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அழைத்தாள்.

"ராஜா புடிச்சிருந்துதாம்மா?" என்றார் பார்ஜோனோ, எடுத்த எடுப்பில்.

"அந்த மேளக்காரன்தான் பாக் எனக்கு ரொம்பப் புடிச்சுது. நீங்க மேளம் வாசிப்பீங்களா?" என்றாள், மரியாதையாக 'பாக்', ஐயா என்று கூப்பிட்டு.

"கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கிறவன்தான். அதுக்கென்ன இப்ப?" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த வாரமே மனைவியை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, சாயம் வெளுக்காத பத்திக் பூவேலைச் சட்டையில் வந்து இறங்கினார். கையில் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் முந்திலான் இனிப்பு ஒரு பெட்டி. அதை, எல்லாரும் 'இபு', அம்மா என்று கூப்பிடும் பதிப்பாசிரியர் ஹெஸ்தியின் மேசையில் வைத்துவிட்டு, ராஜாவை விட்டுவிட்டு மேளக்காரனைப் பிடித்தது யாருக்கு என்று கேட்டார்.

ஹெஸ்தி தியாஸைத் தனியே அழைத்தாள். "யாரைக் கேட்டு போன் பண்ணே? ஆசைய கெளப்பி விட்டுட்டு நாளைக்கு இல்லேன்னு சொல்லணும்னா, அத நீயா போய் சொல்லுவே?"

"சொல்றேன், இபு. ஆனா அந்த அத்தியாயத்த மட்டும் ஒரு தடவ படிச்சுருங்க," என்றாள் தியாஸ்.

அதற்குள் வெளியே சிரிப்புச் சத்தம். பார்ஜோனோவின் மனைவி சுமார்த்தி, பகாஸிடம் அந்தக் கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மகெலாங் ஊர்ல, தம்பி. அந்தக் கோழிய இவரு வீட்டுக்குக் கொண்டாந்தாரு பாரு, மேளத்துத் தோல் வாசனையோட!"

"தப்பாச் சொல்லாத. மொதல்ல நாற்காலிய சொல்லணும்," என்று பார்ஜோனோ குறுக்கே புகுந்து, முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டே முதலிலிருந்து சொன்னார். பகாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாசலில் நின்ற ஹெஸ்தியும் சிரித்தாள்.

"பாக், இதையே எழுதுங்களேன். ராஜா இல்லாம. நீங்களும் ஒங்க கூட்டாளிகளும் மட்டும்," என்றாள் ஹெஸ்தி.

அவர் முகம் சுருங்கியது. "என்னப் பத்தி எவன் காசு குடுத்துப் படிப்பான்? புத்தகம்னா பெரிய மனுஷன் இருக்க வேணாமா?"

"நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இந்தக் கச்சேரிக் கதையக் கேட்டுக்கிட்டுதான இருக்கேன்," என்றாள் சுமார்த்தி. "ராஜா கதைய ஒரு நாளாவது முழுசா கேட்டிருக்கேனா? தூங்கிப்போயிருவேன்."

அவர் செங்கல் கனக் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலம் முழுக்க அவரிடமிருந்து தகவல் இல்லை. நன்றாக இருந்த மனுஷனின் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமோ என்று தியாஸ் உள்ளுக்குள் புழுங்கினாள். பயிற்சியும் முடிந்தது. கிளாத்தெனுக்குத் திரும்பி, மீன் தீவனக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள்.

ஒரு காலையில் ஹெஸ்தி போனில் கூப்பிட்டாள். "ஒன் பேரு போட்டு முந்திலான்லேருந்து பார்சல் வந்திருக்கு. நான் பிரிக்கல. வந்து பாரு."

பார்ஜோனோ தன் பாட்டனார் பிறந்ததிலிருந்து ஆரம்பித்திருந்தார். முதல் இரண்டு அத்தியாயம் ஊரார் வம்சாவளி. தியாஸ் பக்கங்களை வேகமாகத் தள்ளினாள். மூன்றாவதில் கச்சேரி வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. பாடகி செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். அங்கிருந்து கதை ஓட ஆரம்பித்தது. தியாஸ் சாப்பிடப் போகவில்லை.

"பாதிய வெட்டணும், இபு. மீதி எல்லாம் உசுரோட இருக்கு," என்றாள்.

"அப்ப நீயே அவர்கிட்ட உக்காந்து வெட்டு. அடுத்த மாசத்துலேருந்து சம்பளத்துக்கு வா."

வெட்டுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு வரிக்கும் பார்ஜோனோ மல்லுக்கு நின்றார். பாட்டனாரை எடுக்கச் சொன்னதும் ஒரு மாதம் பேசவே இல்லை. சுமார்த்திதான் தூது நடந்தாள்.

புத்தகம் வந்ததும் கடைகளில் நிதானமாகத்தான் போயிற்று. பார்ஜோனோ விடவில்லை. போகிற கல்யாணத்துக்கெல்லாம் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய், இரண்டு பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடித்து ஒரு பக்கம் வாசித்தார். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் தட்டோடு வந்து வாங்கினார்கள். இரண்டாம் பதிப்புக்கு ஹெஸ்தி கையெழுத்துப் போட்ட அன்று, தியாஸ் விஷயத்தைச் சொல்ல முந்திலானுக்கு அழைத்தாள். அவர் மேடையில் இருந்தார். பின்னால் மேளம் அதிர, சுமார்த்திதான் எடுத்தாள்.

"சத்தமா சொல்லும்மா, ஒன்னும் கேக்கல!"

தியாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னாள்.