பங்களாச் செடிக்குப் பனிக்காலம்

நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கனாக, இருந்த ரப்பர் தோட்டம் லாயாங் லாயாங் ரயிலடியிலிருந்து மாட்டுவண்டிப் பயணம். அங்கே எதற்கும் ஒரு முறை உண்டு. ஆள் சேர்க்க ஒரு முறை, ஆளை நிறுத்த ஒரு முறை, செத்த மாட்டைக் கணக்கிலிருந்து எடுக்க ஒரு முறை. எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வசந்தமே எட்டிப் பார்க்காத ஜொகூரில் வசந்தகாலச் செடியை வளர்ப்பதற்குத்தான் முறை தெரியாமல் விழித்தேன்.

சீமைக்குப் போய்த் திரும்பிய துரைசானி, எங்கள் தோட்டத் துரையின் மனைவி, ஈரப்பாசியில் சுற்றிய வேர்க்கட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். ஹோஸ்டா என்று இப்போது சொல்கிறார்கள். அகன்ற இலை, ஓரத்தில் வெள்ளைக் கரை. இலையின் அழகுக்காகவே வளர்ப்பது, சமைக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததும் கூலிகள் குடியிருந்த லயத்து ஜனங்களிடம் அதன் மதிப்பு இறங்கிவிட்டது.

பங்களா வராந்தாத் தொட்டிகளில் செடிகள் முளைத்தன. ஆனால் பிறகு வந்த ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடச் சிறியதாக வந்தது. மிச்சத்தை நத்தை தின்றது. துரைசானி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: வசந்தத்தில் செடிகள் தழைக்காவிட்டால் தோட்டக்காரனை மாற்று, அவன் புல்வெட்டுக்குப் போகட்டும்.

தோட்டக்காரர் முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கிளை விழுந்து கால் கோணிப்போனதால் பங்களா வேலைக்கு வந்தவர். அந்தக் காலோடு மலைச்சரிவில் புல் வெட்ட முடியாது. முடியாதவனுக்குப் பெரட்டில், காலை ஆள்கணக்கில், இடமில்லை. அந்த முறையும் எனக்குத் தெரியும்.

துரையின் புத்தகத்தைப் பார்த்தேன். இந்தச் செடி பனிக்காலம் முழுக்கக் குளிரில் உறங்க வேண்டுமாம். உறங்கினால்தான் வசந்தத்தில் எழுமாம். பனிக்காலம் எப்போது என்று துரையைக் கேட்டேன். டிசம்பர் என்றார். டிசம்பர் வந்தது. மழை கொட்டியது. குளிரைக் காணோம். வராததை வரவழைப்பதுதானே ஆபீஸ் வழக்கம்? சிங்கப்பூரிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டிகளை ரயிலில் தருவித்தேன்.

"இதை என்னங்கய்யா செய்யறது?"

"வேரைச் சுத்தி வைப்பா. செடி தூங்கணும்."

"தூங்கறதுக்கா? எனக்கு இதைத் தொட்டாலே தூக்கம் போயிடுதுங்களே!"

செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் சாக்கைச் சுமந்து, காலைதோறும் தோட்டக்காரர் ஐஸ் வைத்தார். வேலைக்குப் போகும் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

"என்னண்ணே, செடிக்குச் சளி பிடிக்கலையா?"

"உனக்குத்தான் வாய்க்கொழுப்பு. போ, போ, மண்டோர் வர்றாரு."

மேற்பார்வை மண்டோருக்குப் பயந்தாலும் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் லயத்துக்குள் பேச்சு வேறு விதமாக வளர்ந்திருக்கிறது. துரைசானிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. கடல் தாண்டிச் செடி கொண்டுவந்து, வெறுங்காலோடு ஆள் நிறுத்தித் தினமும் குளிரக் குளிர அபிஷேகம் செய்ய வைக்கிறார் என்றால் அது வேறென்ன? நேர்த்திக்கடன்.

ஒரு நாள் காலை தொட்டிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தது, குங்குமம் வைத்திருந்தது. மேலே வராந்தாக் கம்பியில் பழைய சேலைத் துண்டால் கட்டிய சின்னத் தொட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளைக்குப் பதிலாக ஒரு ரப்பர் கொட்டை. தொட்டிலின் கீழே ஹோஸ்டாக்கள் கூழாக அழுகிக் கிடந்தன.

துரைசானி ஆள் அனுப்பினார். நான் போனபோது தோட்டக்காரர் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இது என்ன என்று துரைசானி என்னைத்தான் கேட்டார். இங்கிலீஷில் என்னிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிள்ளையில்லாத ஒரு பெண்ணிடம், உன் கூலிகள் உனக்காக வேண்டிக்கொண்டார்கள் என்று எந்த வாக்கியத்தில் தொடங்குவது? தோட்டக்காரரைப் பார்த்தேன்.

"மிந்தா அனாக், மேம்," என்றார் தோட்டக்காரர். பிள்ளை கேட்டிருக்கிறார்கள் என்று, அவருக்குத் தெரிந்த மலாயில்.

துரைசானி தொட்டிலைத் தொட்டார். அது ஆடியது. ரப்பர் கொட்டையை எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமா, அழுகையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் ஆள் மாற்றும் உத்தரவுக்காகச் சாயங்காலம் வரை ஆபீசில் காத்திருந்தேன்.

மறுநாள்தான் உத்தரவு வந்தது. ஐஸ் வேண்டாம். தொட்டிகளை நகர்த்தக் கூடாது, மேலே இருப்பதையும் அவிழ்க்கக் கூடாது. தோட்டக்காரன் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றட்டும்.

பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. பிறகு செம்புத் துளிர் விட்டன. துரைசானி சொன்ன வசந்தம் அதுதானோ என்னவோ. தொட்டிகளில் மட்டும் ஒன்றும் எழவில்லை. தோட்டக்காரர் வாளியோடு என்னிடம் வந்தார்.

"ஐயா, வெறும் மண்ணு. எதுக்குங்க ஊத்தறேன்?"

"தெரியலப்பா."

"அப்ப நிறுத்திடட்டுங்களா?"

"ஐயையோ, நிறுத்திடாதே. ஊத்து."

துரைசானி சீமைக்குத் திரும்பும் வரை அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். புல்வெட்டுக்குப் போகவில்லை. எந்த முறைப்படி என்று இன்றும் எனக்குத் தெரியாது.