தைல மரத்துக்கு மஞ்சள் துணி

போன வாரம் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு தைல மரத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். பக்கத்தில் வனவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெட்டச் சொல்லி உத்தரவான மரம் அது. நாங்கள் அங்கே போயிருந்ததும் அதை வெட்டத்தான்.

எப்படி இந்த நிலைமை வந்தது என்கிறீர்களா? எல்லாம் என் தங்கை மகள் நிவேதாவால்.

நிவேதா பாளையங்கோட்டையில் சுற்றுச்சூழல் படித்தவள். வனத்துறையின் பருவநிலை மாற்றத் திட்டம் ஒன்றில் இன்டர்ன்ஷிப். 'என்ன வேலை?' என்று என் தங்கையைக் கேட்டால், 'காட்டுக்குப் போறா, கறுத்துப்போய் வாறா' என்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உண்மையில் வேலை இது. எந்தக் காலத்திலோ நட்டுவைத்த தைல மரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருதம், நாவல், புங்கம் என்று இந்த மண்ணுக்குரிய மரங்களை வைக்க வேண்டும். கன்றுகளை விதையிலிருந்து வளர்த்தது நிவேதா. ஐப்பசி மழைக்கு முன் நட்டாக வேண்டும். தவறினால் வேர் பைக்குள்ளேயே சுருண்டு, கன்று வீணாகிவிடும். அதோடு இவளுடைய இன்டர்ன்ஷிப்பும் முடிகிறது. அப்புறம் அந்தக் கன்றுகளை யார் சீந்துவார்கள்?

கலப்புக் காடு என்பதால், வெட்ட வேண்டிய மரங்களுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்து, தூரத்திலிருந்து தெரிய ரிப்பன் கட்டச் சொல்லியிருந்தார்கள். ரிப்பன் பாதியில் தீர்ந்துவிட்டது. பெண் சாமர்த்தியசாலி… கடைத்தெருவில் மஞ்சள் துணி வாங்கி, நீளநீளமாகக் கிழித்துக் கட்டிவிட்டாள். கடைக்காரர் 'எந்தக் கோயிலுக்கும்மா?' என்று கேட்டாராம். அப்போதாவது சுதாரித்திருக்க வேண்டாமா?

மஞ்சள் துணி. சிவப்புப் பொட்டு. கட்டியதும் ஒரு வெள்ளிக்கிழமை. நம்மூரில் ஒரு மரம் சாமியாக இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

மரம் வெட்டும் ஆட்கள் வருவதற்குள், பாதையோரத்துப் பெரிய மரத்தடியில் தேங்காய் உடைத்தாகிவிட்டது. சூடம் கொளுத்தின கறை வேறு. வந்த ஆட்கள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். வெட்ட வந்தவர்களும் கும்பிட்டவர்களும் ஒரே ஊர்தான்; அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பேச்சியம்மாள்.

"சாமில்லாம் இல்லக்கா. நாந்தான் அடையாளத்துக்குக் கட்டுனேன்" என்று நிவேதா கெஞ்சியிருக்கிறாள்.

"நீ துணி கட்டையில சாமி இல்ல, சரி. இப்பம் நாங்க கும்பிட்டாச்சுல்லா?" என்றாளாம் பேச்சியம்மாள். "காணாமப் போன ஆடு வேண்டிக்கிட்ட மறுநாளே வந்துட்டு. அதுக்கு என்ன சொல்லுத?"

எந்தச் சுற்றுச்சூழல் பாடத்தில் இதற்குப் பதில் இருக்கிறது?

அதனால்தான் எனக்கு போன். "மாமா, நீங்க பேப்பர்ல எழுதுதீங்கள்லா, வந்து பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க." நான் சொல்லி என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் போனேன்.

போய் என்ன செய்தேன்? மேலே சொன்னேனே, செருப்பைக் கழற்றினேன். வனவரோ, "ரூல்படி வெட்டலாம் சார். ஆனா வீட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்… நான் நாளைக்கு லீவு. நாளைக்கு வெட்டிக்கோங்களேன்" என்றார்.

கடைசியில் பேச்சியம்மாளே ஒரு வழி சொன்னாள். "பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா வெட்டுதோம். செவப்பு வந்தா, தாயி, விட்டுரணும்."

உங்களுக்குத் தெரியாததா? ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. பேச்சியம்மாள் தேக்கிலையில் மடித்துப் போட்டாள். பருவநிலை மாற்றம் முழுவதும் இப்போது இரண்டு பொட்டலத்துக்குள்.

"கன்னிப்பிள்ள நீதான் எடுக்கணும்" என்றாள்.

நிவேதா எடுத்தாள். பிரித்தாள். செவ்வரளி.

வனவர் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிவேதா வாதாடுவாள் என்று நினைத்தேன். வாதாடவில்லை. நிழலில் இறக்கி வைத்திருந்த கன்றுகளிடம் போய், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். காலையில்தான் ஊற்றியிருந்தாள். அழுதுகொண்டே ஊற்றினாள். நான் என்ன செய்ய முடியும்?

பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு மட்டம் கேப்போம்" என்றாள். "நாம கேட்டது சாமிக்குச் சரியா வெளங்கிருக்காது."

பூவை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள். பொட்டலங்களோடு திரும்பி வந்தாள். நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை!

பெண்கள் குலவை போட்டார்கள். கையோடு துணியை எல்லாம் நிவேதாவே அவிழ்த்தாள். மத்தியானத்துக்குள் ரம்பம் ஓடத் தொடங்கிவிட்டது. வனவர் லீவை ரத்து செய்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால், வேண்டிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது புதிதா என்ன? பிடிக்காததைச் சொல்லும் டாக்டரை மாற்றுகிறோம். ஜாதகம் பொருந்தவில்லையா, ஜோசியரை மாற்றுகிறோம். சாமியிடம் மட்டும் கேட்கக் கூடாதா?

சாயங்காலம் எல்லோருக்கும் டீ வந்தது. தள்ளி உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளிடம் போய்க் கேட்டேன். "ரெண்டாவது தடவையும் செவப்பு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவள் நிவேதா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் குழிக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"செவப்பு வச்சாத்தான அண்ணாச்சி வரும்" என்றாள், பைய.