டீ வாங்கப் போன மாமா

அன்றைக்கு அந்த மெக்கானிக் கொட்டகையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மெக்கானிக் அண்ணாச்சி, பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை. ஆனி மாதச் சாரலில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோடு முழுக்க வண்டிகள். எங்கள் அம்பாசிடர் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே நின்றது.

அப்பா அதுவரை அடுத்தவர் காருக்கு டிரைவர். சொந்த வண்டி இருந்தால் ஒரே சீசனில் நிமிர்ந்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லி, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் பூப்போல வைத்திருந்த வண்டி என்று முடித்துக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி காராக மாறி வாசலில் வந்து நின்றது. ஓட்டினால் சத்தமே கேட்கவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. எனக்கு எதைக் கண்டாலும் பயம்தான், இப்போதும் அப்படித்தான்.

சீசன் தொடங்கியதும் ஐந்தருவி ஏற்றத்தில் ஒரு நாள் வண்டி முனக ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் நாய்க்குட்டி ஊளையிடுவது போல ஒரு சத்தம். காலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். நாளாக ஆக அது கூடியது. சவாரிக்கு ஏறியவர்கள் பாதியில் இறங்கி வேறு வண்டி பிடித்தார்கள். அப்பா ஃபேன் பெல்ட்டை மாற்றினார், டைனமோவைக் கழற்றி மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் பானை கொதித்தாலும் எனக்கு அந்த முனகல்தான் கேட்டது.

மாமா மட்டும் சிரித்தார். “அத்தான், வண்டி பாடுதுல்லா! ஊர்ல எல்லாவனும் காசு போட்டு ரேடியோ மாட்டுதான். உமக்கு அந்தச் செலவு மிச்சம்.”

கொட்டகையில் மெக்கானிக் அண்ணாச்சி முதலில் வண்டியை நிற்க வைத்தே இன்ஜினை உறுமவிட்டார். முனகல் இல்லை. “இன்ஜின் மேல பழி இல்ல” என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இலஞ்சி வரை ஓட்டினார். என்னைப் பின்சீட்டில் காதை வைத்துப் படுக்கச் சொன்னார்.

“ஏட்டி, எங்கன கேக்குது? முன்னாலயா, பின்னாலயா?”

எதைச் சொன்னால் செலவு குறையும் என்று தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். “பின்னால” என்றேன். எந்த கியரில் போட்டாலும் அங்கேதான், அதே முனகல்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி ஜாக்கியை எடுத்தார். “பின் ஆக்சிலுக்கு நடுவுல பானை கணக்கா ஒண்ணு இருக்குல்லா, அதுக்குள்ள சக்கரத்துப் பல்லு தேஞ்சிருக்கும். தொறந்து பாத்துருவோம்.”

அதைக் கேட்டதும் மாமாவுக்கு டீ தாகம் வந்துவிட்டது. “அத்தான், ரெண்டு ரூவா தாரும். எல்லாருக்கும் டீ வாங்கியாந்துருதேன். ஏட்டி, ஒனக்கு பன்னா, முறுக்கா?”

பன் என்றேன். அண்ணாச்சியின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மாமா சாரலில் இறங்கினார். “ஏலே, குடையைக் கொண்டு போலே” என்று அம்மா கத்தினாள். மாமா திரும்பவில்லை.

அண்ணாச்சி வண்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டைத் திருகினார். எண்ணெய் ஒழுகவில்லை. கூழ் மாதிரி ஏதோ தொப்பென்று தட்டில் விழுந்தது. மரத்தூளும் கறுத்த நாருமாக இருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

“பஞ்சாமிர்தம்லா பண்ணி வச்சிருக்கானுவ! வாழைப்பழத்தையும் மரத்தூளையும் திணிச்சா தேஞ்ச பல்லு கொஞ்ச நாளைக்குச் சத்தம் காட்டாது. விக்கதுக்காகச் செஞ்ச வேலை. யாருய்யா வாங்கித் தந்தது?”

அம்மாவின் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

புதுப் பல்சக்கரம் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார் அண்ணாச்சி. விலையைக் கேட்டதும் அப்பா கிழிந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “மறுபடியும் பழத்தைப் போட்டு மூடிரவா? எவன் தலையிலயாவது கட்டிரலாம்.”

அப்பா அந்தத் தட்டைக் காலால் ஒதுக்கினார். “வேண்டாம் அண்ணாச்சி. வாங்குதவனும் வீட்டுச் சங்கிலியக் கழத்தித்தான வாங்குவான். நல்ல எண்ணெய ஊத்தி மூடும்.”

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “மாமாவுக்கு இன்னும் டீ கிடைக்கலையாம்மா?” என்றேன். அம்மா என் தலையில் முந்தானையைப் போட்டுக் காருக்குள் இழுத்துக்கொண்டாள். வீடு வரை வண்டி முனகிக்கொண்டே வந்தது. பன் வாங்கிய மாமா எங்களைத் தேடுவாரே என்றுதான் எனக்குக் கவலை.

டாக்டர் என்று ஒருவரே இல்லை, மாமாவே அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பழம் போட்டு எங்களிடம் தள்ளியிருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஐப்பசியில் வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. அப்பா மறுபடியும் அடுத்தவர் வண்டிக்குப் போனார். நான் ஏழாம் வகுப்போடு நின்று அம்மாவுக்குப் பக்கத்தில் பீடி சுற்ற உட்கார்ந்தேன்.

மாமாவின் ஊர்ப்பக்கமிருந்து யார் வந்தாலும் அப்பா வண்டியைப் பற்றியோ சங்கிலியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசமாட்டார். “எம் மச்சினன் டீ வாங்கப் போனான். இன்னும் வரல. அந்தக் காசைக் கேட்டதாச் சொல்லும்” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அவ்வளவும் போன பிறகு அப்பா அதை மட்டும் ஏன் கேட்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இன்று வரை வரவில்லை, அந்த ரெண்டு ரூபாய்.